நூறு அட்டையில் ஒரு ஐயோ

"கண்ணாடி எடுத்துகினு வர்ல தம்பி. இன்னா எழுதிக்கீது, நீயே படி."

ஏழுமலை அண்ணன் அட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். புத்தாண்டுக் காலை, மணி பத்தரை இருக்கும். பிள்ளைப்பாக்கத்தில் அவருடைய சிமெண்ட் ஷீட் கொட்டகையில் ஆராதனை முடிந்து, எல்லோர் கையிலும் ஒரு காகிதத் தட்டும் அதில் ஒரு கரண்டி கேசரியும் இருந்தன. அண்ணன் மடிப்புக் கலையாத வேட்டி, வெள்ளைச் சட்டையில் நின்றார். சட்டைப் பையில் வெற்றிலைப் பொட்டலமோ என்னவோ, புடைத்துக்கொண்டிருந்தது.

நான் அட்டையைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். மொத்தம் நூறு அட்டை எழுதியிருந்தேன். தொண்ணூற்றொன்பதில் தேனும் பாலும் ஓடின. ஒன்றே ஒன்றில் மட்டும் சங்கதி வேறு. அந்த ஒன்று இப்போது எங்கள் வீட்டுக்காரர் கையில் இருந்தது.

அதில் இருந்ததை என் பாணியில் சொன்னால் இப்படி வரும்: வீட்டோடு வீட்டை ஒட்டிக் கட்டிக்கொண்டு, வயலோடு வயலை வளைத்துப் போட்டுக்கொண்டு, கடைசியில் இந்த ஊரில் நான் ஒருத்தன்தான் என்று கால் நீட்டி உட்காரப் பார்க்கிறவனே, உனக்கு ஐயோ!

ஏழுமலை அண்ணனுக்கு வரிசையாகப் பதினோரு வாடகை அறைகள். ஏழாம் நம்பரில் நானும் செல்வினும் குடியிருந்தோம். ஆராதனை நடந்த கொட்டகையும் அவருடையதுதான். ஞாயிற்றுக்கிழமை சபை, மற்ற நாளெல்லாம் சிமெண்ட் மூட்டை. நாங்கள் முழங்கால் போட்டு எழுந்தால் பேண்ட் சாம்பல் நிறமாகிவிடும்.

"படி தம்பி, கேசரி ஆறுது" என்றார் அண்ணன்.



வாக்குத்தத்தம் என்பது யாதெனில்

அண்ணனைக் கொஞ்ச நேரம் அட்டையை நீட்டியபடியே நிறுத்தி வைக்கிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் கம்பெனி கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு ஒரு அம்மா கடிதம் போட்டிருந்தார். "நீங்கள் ஜெபம் பண்ணுகிற பிள்ளை என்கிறீர்கள், கொஞ்சம் அடக்கமாக எழுதக் கூடாதா?" அம்மா, மன்னிக்கணும். இந்த வாரம் இன்னும் மோசம்.

எங்கள் சபைகளில் புத்தாண்டு பிறந்ததும் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். ஒரு பெட்டியில் வேத வசனம் எழுதிய அட்டைகள் இருக்கும். கண்ணை மூடிக் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க கடவுள் நமக்குச் சொல்லும் வார்த்தை அதுதான். பர்ஸில் வைப்பார்கள், பீரோவில் ஒட்டுவார்கள். கல்யாணம் கூடினாலும் அட்டைதான் காரணம், சூப்பர்வைசர் கழுத்தில் ஏறினாலும் அட்டையைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

மற்ற ஊர்களில் இது நடுராத்திரி ஆராதனையில் நடக்கும். எங்கள் மந்தையில் பாதி ஆடுகள் நைட் ஷிப்டில் இருந்ததால் பாஸ்டர் தவராஜ் அதைக் காலைக்கு மாற்றிவிட்டார். அவர் பழைய மொபெட் ஒன்றில் வந்து போகிற நல்ல மனுஷன். அந்த வருஷம் அச்சடித்த அட்டை வாங்க சென்னைக்குப் போனார். எல்லாக் கடையிலும் தீர்ந்துவிட்டது. திரும்பி வந்தவர் கையில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் இருந்தன.

"ஆசீர், உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஒரு நூறு எழுதிரு" என்றார்.

இந்த இனிப்பு வசனங்களில் பாதிக்கு மேல் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? எபிரேயத் தீர்க்கதரிசிகளிடமிருந்து. அவர்கள் இனிப்பு விற்ற ஆட்களே இல்லை. ஒருவர் கழுத்தில் மாட்டு நுகத்தைப் போட்டுக்கொண்டு தெருவில் போனார். இன்னொருவர் ஊருக்கு வரப்போகும் கஷ்டத்தைக் காட்ட மாதக்கணக்கில் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தார். ராஜா முகத்துக்கு நேரே "நீ செய்வது அநியாயம், நகரம் இடியும், எல்லோரும் அந்நிய தேசத்துக்கு நடக்கப் போகிறீர்கள்" என்று சொன்னதற்கு ஒருவரைச் சேற்றுக் கிணற்றில் இறக்கிவிட்டார்கள்.

அவர்கள் சொன்னபடியே நகரம் இடிந்தது, ஜனங்கள் பாபிலோனுக்குப் போனார்கள். அப்படி எல்லாம் போய், வாய்விட்டு அழுகிறவர்களிடம்தான் அதே வாயால் "திரும்பி வருவீர்கள், மறுபடி வீடு கட்டுவீர்கள், தோட்டம் போடுவீர்கள்" என்றும் சொன்னார்கள். முதலில் தீர்ப்பு, பிறகு மீட்பு. எங்கள் ஆட்கள் முதல் பாதியைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டு, இரண்டாம் பாதியை மட்டும் ரோஜாப்பூப் படத்தின் மேல் அச்சடித்துவிட்டார்கள்.

கேஜ் கெட்டுப்போச்சு

நான் இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். கேஜ் என்ற அளவுக் கருவியில் பீஸை நுழைத்துப் பார்க்க வேண்டும். தேறினால் பச்சை டேக். தேறாவிட்டால் சிவப்பு டேக், அதற்குப் பெயர் என்.ஜி. பீஸ்.

அந்த வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. ஒரு ஷிப்டில் வந்த பீஸ் அத்தனையும் ஓகே என்றால் கைதட்டாதே. கேஜ் கெட்டிருக்கும், இல்லாவிட்டால் பார்க்கிறவன் தூங்குகிறான். அதைக் கண்டுபிடிக்க அவ்வப்போது ஒரு கெட்ட பீஸைத் தெரிந்தே டிரேயில் போட்டு அனுப்புவார்கள். அதைப் பச்சை டேக் மாட்டி அனுப்பிவிட்டால் மெமோதான்.

அறுபதாவது அட்டை எழுதும்போது எனக்கு விரல் மரத்துவிட்டது. உயர்வாய், பெருகுவாய், வாலாகாமல் தலையாவாய் என்று ஒரே பாட்டு.

"ஏலே செல்வின், நூத்துக்கு நூறு ஓகேன்னா என்னல அர்த்தம்?"

"கேஜ் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்" என்றான் செல்வின், லுங்கியில் பித்தான் தைத்தபடியே. லுங்கிக்கு எதற்குப் பித்தான் என்று நான் கேட்கவில்லை. அவன் சாத்தான்குளம் பக்கம், அவனுக்கென்று சில கண்டுபிடிப்புகள் உண்டு.

"அப்போ ஒரு என்.ஜி. பீஸைப் போட்டுப் பாப்போமா?"

அவன் ஊசியை வைத்துவிட்டு யோசித்தான். "பாஸ்டர் தோலை உரிச்சிருவாரு." கொஞ்ச நேரம் கழித்து, "சரி போடு. யாரு மாட்டுதான்னு பாப்போம்" என்றான்.

தனம் அக்காவின் அடுப்பு

திட்டு வசனத்துக்கா பஞ்சம்? தீர்க்கதரிசிகளின் பக்கத்தில் எங்கே கை வைத்தாலும் சுடும். அப்படி இருக்க, வீட்டோடு வீடு, வயலோடு வயல் என்ற அந்த வசனம் ஏன்? சும்மா கண்ணில் பட்டது என்று பல வருஷம் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பாதிப் பொய்.

அட்டை எழுதுவதற்கு முந்தின நாள் காலை தனம் அக்கா கடையில் தட்டோடு நின்றேன். தனம் அக்கா, ஏழுமலை அண்ணனின் தங்கை. புருஷன் செத்துப்போன பிறகு, அப்பா வழியில் வந்த ரோட்டோரத் துண்டு நிலத்தில் ஓலை போட்டு இட்லிக் கடை நடத்தினார். அதற்குப் பின்னால்தான் அண்ணனின் பதினோரு அறைகள். அந்தத் துண்டும் சேர்ந்துவிட்டால் ரோட்டு முகப்பு கிடைக்கும், மாடி வைத்து மேன்ஷன் கட்டலாம். அக்கா தன் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். இந்தப் பக்கத்தில் கூடப் பிறந்த பெண்களிடம் அப்படி எழுதி வாங்குவது சகஜம்.

"உனுக்கு ஒரு ரூமு குட்த்துடறேன்னு சொல்றேன்ல?" என்றார் அண்ணன்.

"ரூமுல குந்திகினு நான் இன்னா பண்றது? அடுப்பு எங்க வைக்கிறது?" என்றார் அக்கா, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கொஞ்ச நாளிக்கி மூடி வையேன்."

"ஒரு நாளு மூடினா பசங்க வேற கடைக்கிப் பூடுவாங்க. முடியாதுண்ணா."

மூன்று மாதமாக இதே பேச்சு, இதே பதில். அது என் மனசில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வசனத்தை எழுதினேன். ஆனால் சத்தியமாக, அண்ணன் கையில் அது போகும் என்று நினைக்கவில்லை. அவர் முருக பக்தர். புத்தாண்டுக்குக் கேசரிக்காகக் கடைசி வரிசையில் வந்து உட்கார்வார். அந்த வருஷம் பாஸ்டர்தான், "அண்ணன் நமக்கு இடம் குடுத்தவங்க, அவங்களும் ஒண்ணு எடுக்கட்டும்" என்று பெட்டியை நீட்டித் தொலைத்தார்.

சமாதானம், சமாதானம்

இப்போது அண்ணனிடம் திரும்பி வரலாம். பாவம், கை வலிக்கும்.

பாஸ்டர் சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வின் கேசரியை விழுங்காமல் வாயில் வைத்திருந்தான். நான் அட்டையைக் கையில் வாங்கி, அதைப் பார்த்தபடியே, அதில் இல்லாததைப் படித்தேன்.

"நீ வீடுகளைக் கட்டுவாய். தோட்டங்களைப் போடுவாய். உன் எல்லை விரிவாகும்."

"அப்டியா போட்டுக்கீது?" என்றார் அண்ணன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா அண்ணே."

"ஆமென்!" என்றார் பாஸ்டர் சந்தோஷமாக.

அண்ணன் அட்டையை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கேசரித் தட்டோடு போனார். செல்வின் அப்போதுதான் விழுங்கினான்.

தீர்க்கதரிசிகள் காலத்திலும் இப்படி ஒரு கூட்டம் இருந்தது. சமாதானமே இல்லாத நேரத்தில் சமாதானம், சமாதானம் என்று ராஜாவுக்கு இனிக்க இனிக்கச் சொல்லி, அரண்மனையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். சண்டே ஸ்கூலில் அவர்களைப் பற்றிக் கேட்டபோது எனக்குக் கோபமாக வரும். கையில் கேசரியோடு அவர்களில் ஒருவனாக ஆவேன் என்று அப்போது தெரியாது.

பொங்கல் கழிந்த ஒரு திங்கட்கிழமை. அக்கா கடையில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன்.

"புதன்கெயம வரிக்கும்தான் தம்பி கடை. ரிஜிஸ்தர் ஆபீஸ் போறோம். கையெழுத்து போட்டுத் தரேன்னு சொல்ட்டேன்" என்றார் அக்கா.

"ஏன்க்கா? மாட்டேன்னுதானே சொன்னீங்க?"

"அண்ணன் சொல்லிச்சே, உங்க சாமி சீட்டுல வந்துடுச்சாம், எல்லை விரியும்னு. நீதான் படிச்சியாமே. சாமியே சொன்னப்பறம் நான் இன்னா பேசறது?" சட்னியை ஊற்றினார். "நம்ம சாமின்னாலாவது சண்ட போடலாம்."

எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. மூன்று மாதம் ஒற்றை ஆளாகத் தாக்குப்பிடித்த மனுஷியை நான் ஒரே வாக்கியத்தில் சாய்த்துவிட்டேன். நாடு இழந்து அழுதவர்களுக்குச் சொன்ன ஆறுதலைத் தூக்கி, பதினோரு அறைக்காரருக்குக் கொடுத்திருக்கிறேன்.

செல்வினிடம் சொன்னேன். "வாயை மூடிக்கிட்டு இரில" என்றான். "தீர்க்கதரிசிமாரையே கிணத்துல இறக்குன உலகம் இது. இங்க வேற பின்னால தண்ணியில்லாத கிணறு ஒண்ணு கெடக்கு."

சட்டைப் பையில் இருந்தது

செவ்வாய்க்கிழமை எனக்கு மதிய ஷிப்ட். காலையில் அண்ணன் செங்கல் லோடு இறக்குவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் படிச்சது அந்த அட்டையில இல்ல."

அவர் திரும்பவே இல்லை. "தெர்யும்" என்றார்.

"என்னது?"

சட்டைப் பைக்குள் கை விட்டார். வெளியே வந்தது வெற்றிலைப் பொட்டலம் அல்ல, மூக்குக்கண்ணாடி.

"பொட்டியில எடுத்த ஒடனே திரும்பிகினு படிச்சிட்டேன். நாலாங்கிளாஸு வரிக்கும் போனவன்டா நானு."

"அப்புறம் ஏன் அண்ணே என்கிட்ட குடுத்தீங்க?"

"சரியா படிச்சேனான்னு பாக்கத்தான். வவுறு கலங்கிப் பூடுச்சி எனுக்கு. நம்ம வூட்டு சங்கதிய உங்க சாமிக்கு எவன் சொன்னான்னு. நீ இன்னாடான்னா அப்டியே மாத்திப் படிக்கிறே." இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "சரிதான், சாமியே நம்மளப் பாத்து பயந்துகினு பேச்ச மாத்திகிச்சுன்னு நென்ச்சேன். அப்பத்தான் தெகிரியம் வந்துச்சி."

கெட்ட பீஸை டிரேயில் போட்டவனும் நான், அதற்குப் பச்சை டேக் மாட்டி அனுப்பியவனும் நான்.

அண்ணன் வீட்டுக்குள் போய், முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்து வந்தார். "கிழிச்சிப் போடலாம்னு ரெண்டு தபா எடுத்தேன். கை வர்ல" என்றார். பிறகு என் கையைப் பிடித்து ரோட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தார்.

அக்கா கடையில் பஸ்ஸுக்கு நிற்கும் பையன்கள் ஏழெட்டுப் பேர் தட்டோடு இருந்தார்கள். "தனம், கேளு" என்றார் அண்ணன். என்னிடம், "படி. எழுதினத எழுதின மாதிரி" என்றார்.

படித்தேன். ஐயோ என்ற வார்த்தை வந்ததும் பையன்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "இது சாமி சொன்னதா, நீ எழுதினதா?"

"சாமி சொன்னதுதான்க்கா. எழுதுனது நான்."

"யாருக்குன்னு எழுதினே?"

"யாருக்கு வருதோ அவங்களுக்குன்னு."

அக்கா அண்ணனைப் பார்த்தார். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கையெழுத்து போட மாட்டேண்ணா" என்றார் அக்கா. அவ்வளவுதான். அட்டையை என் கையிலிருந்து வாங்கி, அடுப்புக்கு மேலே மூங்கிலில் செருகினார். பிறகு, "உக்காரு, நாலு இட்லி துன்னுட்டுப் போ" என்றார் அண்ணனிடம்.

அண்ணன் உட்கார்ந்தார். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு என்னிடம் வந்தார்.

"நாளிக்கே ரூமைக் காலி பண்ணிடு."

"அண்ணே, அட்டையில இருந்தது..."

"அட்டைய நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நெஜத்த எழுதிட்டுப் பொய்யப் படிச்சே பாரு, அதுக்கு."



பாபிலோன், இருங்காட்டுக்கோட்டை

"நான் என்னல செஞ்சேன்?" என்று செல்வின் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான், பெட்டியும் பக்கெட்டும் பித்தான் வைத்த லுங்கியுமாக. தீர்ப்பு வரும்போது பக்கத்துப் பாயில் படுப்பவனும் சேர்ந்துதான் போக வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஒன்பது பேர் படுக்கும் அறையில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. ஒரே ஃபேன். அது சுற்றுவதைப் பார்க்கலாம், காற்று வராது. அங்கே உட்கார்ந்து அக்காவின் தக்காளிச் சட்னியை நினைத்து அழுதவன் செல்வின். நான் அழவில்லை என்று எழுத ஆசைதான்.

பாஸ்டருக்கு விஷயம் போனது. தோலை உரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் மொபெட்டை ஸ்டாண்ட் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "அந்த வசனத்தை நான் இங்க வந்த நாள்ல இருந்து பிரசங்கம் பண்ணல தம்பி. அவர் ஷெட்லயே நின்னுக்கிட்டு எப்படிப் பண்ணுவேன்?" என்றார். அடுத்த ஞாயிறு பண்ணினார். ஏழுமலை அண்ணன் கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லவில்லை.

ஆடி மாதம். ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், ஸ்டாப்பில் அண்ணன் நிற்கிறார்.

"ஏழாம் நம்பரு காலியா கீது."

"ஆள் கெடைக்கலையா அண்ணே?"

"கெட்ச்சாங்க. நீங்க ரெண்டு பேரும் போனதுலேர்ந்து தெனம் பதினாறு இட்லி மீந்து போவுதுன்னு தனம் உசிர வாங்குது. வர்றதுன்னா வா, வராங்காட்டி போ."

செல்வின் பெட்டியைக் கட்ட ஓடினான். நாடு திரும்பியவர்கள் ஆடிப்பாடி வந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அவன் அதைச் செய்து காட்டினான்.

அண்ணன் மேன்ஷனை விட்டுவிடவில்லை, தன் நிலத்திலேயே மாடி எழுப்பினார். காம்பவுண்டுச் சுவர் ரோட்டுக்கு வரும் இடத்தில் அக்கா கடையைச் சுற்றி வளைந்து போகும்.

அடுத்த புத்தாண்டுக்கு பாஸ்டர் கார்த்திகை மாதமே சென்னை போய், அச்சடித்த அட்டை வாங்கி வந்துவிட்டார். எனக்கு நாற்காலி அடுக்குகிற வேலை. தனம் அக்கா அந்த வருஷம்தான் முதல் தடவையாக வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பெட்டிக்குள் விட்டார். எடுத்ததை என்னிடம் நீட்டினார்.

உங்களை உங்கள் நிலத்தில் நட்டு வைப்பேன், இனி யாரும் பிடுங்க மாட்டார்கள் என்ற கருத்தில் ஒரு வசனம். ஊர் திரும்பப் போகிறவர்களுக்குச் சொன்னது. ரோஜாப்பூப் படத்தின் மேல் அச்சாகியிருந்தது. எழுதினது எழுதின மாதிரி படித்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஏழுமலை அண்ணன் வந்து அட்டையை வாங்கினார். எல்லோர் முன்னாலும் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒரு தடவை படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். விரலால் எழுத்தைத் தேய்த்துப் பார்த்தார்.

"இது நீ எழுதினதுதானே?"

"சத்தியமா இல்ல அண்ணே. அச்சடிச்சது. பாருங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அச்சாபீஸ்ல உனுக்கு யார்னா தெர்ஞ்சவங்க கீறாங்களா?"